ஒரு குழந்தையும் பல வாசல்களும்

கல்வியின் வரலாறு என்றதும் நமது நினைவுக்கு வருவன குருகுலங்களும் திண்ணைப் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களுமே. அவை யாவும் பிள்ளை பாடசாலை வாசலை அடைந்த பின் நிகழ்ந்தவற்றின் வரலாறு. அந்த வாசலுக்கு வருமுன் கழிந்த ஐந்தாண்டுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதிலும், கேளாத காதோடோ, காணாத கண்ணோடோ, தளர்ந்த கை கால்களோடோ, மெல்ல மலரும் அறிவோடோ பிறந்த குழந்தைகளின் முதல் ஐந்தாண்டுகளின் வரலாறு மிகப் பிந்தியே எழுதத் தொடங்கப்பட்டது. இன்றைய பேச்சில் அதனையே எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

அவ்வரலாற்றில் இரண்டு கேள்விகள் உள்ளன. இத்தகைய குழந்தைகளுக்கு இளமையிலேயே உதவினால் பயனுண்டா என்பது முதலாவது கேள்வி. அதற்கு விடை காண உலகுக்கு ஒன்றரை நூற்றாண்டு சென்றது. வைத்தியர், ஆசிரியர், சிகிச்சையாளர், சமூக சேவையாளர் எனப் பலர் பல இடங்களிலிருந்து உதவும்போது, அவ்வுதவிகளை ஒன்றாக இணைப்பது யாருடைய கடமை என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்வியைவிட இது எளிதாகத் தோன்றும். ஆனால், இதற்கு விடை காண்பதே பெரும்பாடாயிற்று. பல நாடுகளில் இன்றும் அது முற்றுப்பெறாத வேலையாகவே உள்ளது.

கதை பாரிஸ் நகரில் தொடங்குகிறது. 1800ஆம் ஆண்டில், பிரான்சின் தென்பகுதியிலுள்ள அவெரோன் என்னும் மாவட்டத்துக் காடுகளில் தனியே திரிந்த ஒரு சிறுவனைப் பாரிசுக்குக் கொண்டுவந்தனர். அவனுக்குப் பன்னிரண்டு வயதளவில் இருக்கும். பேச்சு இல்லை. அழைத்தாலும் திரும்பிப் பாரான். அறிஞர் சிலர் அவனைப் பரிசோதித்து, இவன் பிறவியிலேயே அறிவு குன்றியவன், இவனுக்குக் கற்பிப்பது வீண் முயற்சி என்று தீர்ப்புக் கூறினர். செவிப்புலனற்றோருக்கான நிறுவனத்தில் வைத்தியராக இருந்த இத்தார் என்னும் இளைஞர் மட்டும் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. சிறுவனுக்கு விக்டர் என்று பெயரிட்டு, ஏறத்தாழ ஐந்தாண்டு காலம் பொறுமையோடு கற்பித்தார். 1801இலும் 1806இலும் தாம் கண்டவற்றை அறிக்கைகளாக எழுதினார்.

விக்டர் எழுத்துக்களை இனங்காணவும், சில சொற்களை வாசித்துப் பொருள் கொள்ளவும், பிறரிடம் அன்பு காட்டவும் கற்றான். பேசக் கற்கவில்லை. இத்தார் தமது முயற்சி தோல்வியென்றே எண்ணினார். ஆயினும், அவ்வறிக்கைகளைப் படித்தோர் வேறொன்றைக் கண்டனர். கற்பிக்க இயலாது என்று கைவிடப்பட்ட ஒருவனுக்கு ஓரளவாயினும் கற்பிக்க முடிந்தது என்பதே அது. முயற்சி பன்னிரண்டாம் வயதிலன்றி இரண்டாம் வயதிலே தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணமும் அங்கிருந்தே எழுகிறது. இன்னொன்றையும் நாம் மறத்தல் ஆகாது. கற்பித்தவர் இத்தார், ஆனால் விக்டருக்கு உணவூட்டி, உடுத்தி, அவன் இறக்கும்வரை உடனிருந்து பராமரித்தவர் கெரான் அம்மையார் என்னும் எளிய பெண்மணி. வரலாற்று நூல்கள் இத்தாரைப் பற்றிப் பல பக்கங்களும் கெரான் அம்மையாரைப் பற்றிச் சில வரிகளும் எழுதும். அந்தச் சில வரிகளுக்குள் எவ்வளவு பொருள் அடங்கியுள்ளது என்பதைப் பிந்திய காலமே கண்டறிந்தது.

இத்தாரின் மாணாக்கரான செகேன், ஆசிரியரின் முறைகளை விரித்துப் பாடசாலை ஒன்றை அமைத்தார். பின்னர் அமெரிக்கா சென்று அங்கும் அக்கருத்துக்களைப் பரப்பினார். இவ்விருவரின் நூல்களையும் ஊன்றிக் கற்றவரே மரியா மொண்டிசோரி அம்மையார். அவர் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடம் கற்ற பாடங்களைக் கொண்டே 1907இல் ரோமாபுரியின் ஏழைகள் வாழ்ந்த பகுதியில் தமது முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். நமது ஊர்களில் பாலர் பாடசாலையை மொண்டிசோரி என்றே அழைக்கும் தாய்மார் பலர். அந்தப் பெயரின் வேர், கற்பிக்க முடியாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் வகுப்பறையில் உள்ளது என்பதை அவர்களுட் சிலரே அறிவர்.

எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உலகம் வேறு திசையிலே சென்றது. அறிவு பிறப்பிலேயே அளந்து வைக்கப்பட்டது, அது கூடாது, குறையாது என்ற கொள்கை மேலோங்கியது. குறையுடைய குழந்தைகளைப் பெரிய அரச இல்லங்களுக்குள் அடைத்து வைப்பதே தருமம் என்று எண்ணப்பட்டது. பெற்றோருக்கும் அதுவே ஆலோசனையாகக் கூறப்பட்டது.

இக்கொள்கையை அசைத்த நிகழ்ச்சி, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அயோவா மாநிலத்தில் 1930களில் நிகழ்ந்தது. அங்குள்ள ஓர் அநாதை இல்லத்தில் ஹரல்ட் ஸ்கீல்ஸ் என்னும் உளவியலாளர் பணியாற்றினார். இல்லத்திலே இடமில்லை, பணியாளரும் போதாது. குழந்தைகள் தொட்டில்களிலேயே கிடந்தன. உணவும் உடையும் நேரத்துக்குக் கிடைத்தன. ஆனால் எடுத்து அணைப்பாரும், பேசிச் சிரிப்பாரும் அரியர். அவ்வில்லத்தில் 13 மாதமும் 16 மாதமும் நிரம்பிய இரண்டு பெண் குழந்தைகள் இருந்தன. அவற்றின் வளர்ச்சி ஆறு, ஏழு மாதக் குழந்தைகளின் அளவிலேயே நின்றது. இவற்றைத் தத்தெடுப்பார் இலர் என்று கருதி, அறிவு வளர்ச்சி குன்றிய வயதுவந்தோர் வாழ்ந்த மற்றோர் அரச இல்லத்துக்கு மாற்றினர்.

ஆறு மாதம் சென்றது. அவ்விடத்துக்குச் சென்ற ஸ்கீல்ஸ் வியப்படைந்தார். அந்த இரு குழந்தைகளும் சிரித்துக்கொண்டு, ஓடியாடி, ஏனைய குழந்தைகளைப் போலவே விளையாடிக்கொண்டிருந்தன. மருந்து யாது? அங்கு வாழ்ந்த பெண்கள், தாமே அறிவு குன்றியோர் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள், இக்குழந்தைகளைத் தம் பிள்ளைகளாக்கிக்கொண்டனர். தூக்கினர், பேசினர், பாட்டுப் பாடினர், விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்தனர். பணியாளரும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர்.

இதைக் கண்ட ஸ்கீல்ஸ், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளாக மொத்தம் 13 பேரை அவ்வாறு மாற்றுவித்தார். அநாதை இல்லத்திலேயே தங்கிவிட்ட 12 குழந்தைகளின் பதிவுகளைப் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தார். மாற்றப்பட்டோரின் நுண்ணறிவு ஈவு சராசரியாக 64 இலிருந்து 92 அளவுக்கு உயர்ந்தது. தங்கிவிட்டோரின் ஈவு 87 இலிருந்து 61 அளவுக்குத் தாழ்ந்தது. 1939இல் இது வெளியானபோது அறிஞர் பலர் நம்ப மறுத்தனர். தொகை சிறியது, முறை செம்மையானதன்று என்று கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஸ்கீல்ஸ் அதோடு விடவில்லை. இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அந்த 25 பேரையும் தேடிச் சென்றார். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை 1966இல் வெளியிட்டார். மாற்றப்பட்ட 13 பேரும் தத்தம் காலில் நின்றனர். அவர்களுள் 11 பேர் மணம் புரிந்திருந்தனர். அவர்களின் கல்வி நடுத்தரமாகப் பன்னிரண்டாம் வகுப்பை எட்டியிருந்தது. மற்றைய பன்னிருவரின் கல்வி மூன்றாம் வகுப்பைக்கூட எட்டவில்லை. ஒருவர் இளமையில் இறந்தார்; நால்வர் அப்போதும் இல்லங்களிலேயே இருந்தனர்.

அப்பன்னிருவருள் ஒருவர் மாத்திரம் நன்றாக வாழ்ந்தார். காரணம் என்ன? அவருக்குச் செவிப்புலன் குறைவு இருந்தமையால் செவிப்புலனற்றோர் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். அங்கு விடுதியைப் பராமரித்த அம்மையார் அவர்மீது தனியன்பு காட்டினார். ஏனையோருக்குக் கிடையாத ஒருவரின் கவனம் இவருக்குக் கிடைத்தது. 1968இல் ஸ்கீல்ஸுக்கு ஜோசப் கெனடி அறக்கட்டளையின் பரிசு வழங்கப்பட்டபோது, அதனை அவர் கையில் கொடுத்தவர் அந்தப் பதின்மூவருள் ஒருவராக வளர்ந்த இளைஞர். இந்த வரலாற்றைப் படிக்கும் ஆசிரியன் எவனும் அந்த மேடையை நினைத்து மகிழ்வான். ஆனால், மேடைக்கு வராத பன்னிருவரையும் நினையாமல் இருக்கமாட்டான்.

இவ்வாறு முதற் கேள்விக்கு விடை கிடைத்தது. இளமையில் உதவினால் பயனுண்டு. இனி அரசு செயற்பட வேண்டிய காலம் வந்தது.

அமெரிக்க ஜனாதிபதியாகிய ஜோன் கெனடியின் சகோதரி ஒருவர் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையவர். 1961இல் கெனடி இத்துறையை ஆராய ஒரு குழுவை அமைத்தார். 1965இல், வறிய குடும்பங்களின் பாலர்களுக்கு ஹெட் ஸ்டார்ட் என்னும் பெருந்திட்டம் தொடங்கிற்று. 1972இல், அத்திட்டத்தில் குறைந்தது நூற்றுக்குப் பத்து இடங்கள் குறைபாடுடைய பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட வேண்டுமென்று சட்டம் திருத்தப்பட்டது. இடையிலே, 1968இல், குறைபாடுடைய இளங் குழந்தைகளுக்கான மாதிரித் திட்டங்களுக்குப் பணம் வழங்கும் தனிச்சட்டம் ஒன்று நிறைவேறியது.

அப்பணத்தால் எழுந்த திட்டங்களுள் ஒன்றைப் பற்றிச் சற்று விரித்துக் கூறல் தகும். விஸ்கொன்சின் மாநிலத்தில் போர்டேஜ் என்றொரு சிற்றூர். சுற்றுப்புறம் முழுவதும் கமங்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நெடுந்தூரம். ஒரு நிலையத்தைக் கட்டிக் குழந்தைகளை நாள்தோறும் அங்கே கொண்டுவருதல் இயலாத காரியம். ஆகவே 1969இல் அங்கிருந்தோர் முறையை மாற்றினர். குழந்தை நிலையத்துக்கு வருவதற்குப் பதிலாக, ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்குச் சென்றார். பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தை அடையும் ஆற்றல்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திய பட்டியல் அவர் கையில் இருந்தது. குழந்தை இன்று எப்படியில் நிற்கிறது, அடுத்த படி எது என்பதைத் தாயோடு இருந்து தீர்மானிப்பார். அந்த ஒரு படியை எப்படிப் பழக்குவது என்று செய்து காட்டுவார். வாரம் முழுவதும் பழக்குபவர் தாயே. அடுத்த வாரம் ஆசிரியர் வந்து முன்னேற்றத்தைக் குறித்துக்கொள்வார்.

இம்முறையின் சிறப்பு யாது? நிபுணர் வாரத்தில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரமே குழந்தையோடு இருக்கிறார். தாயும் தந்தையும் பாட்டியும் எஞ்சிய நேரம் முழுவதும் இருக்கின்றனர். குளிப்பாட்டும்போதும் உணவூட்டும்போதும் நடைபெறும் பயிற்சிக்கு எந்தச் சிகிச்சை நிலையமும் ஈடாகாது. ஹெட் ஸ்டார்ட் திட்டத்தை வகுத்தோருள் ஒருவரான பேராசிரியர் புரொன்பென்பிறெனர் 1974இல் எழுதிய ஆய்வும் இதனையே வற்புறுத்தியது. குடும்பம் பங்குகொள்ளாத திட்டங்களில் குழந்தை பெற்ற பயன், திட்டம் முடிந்ததும் தேய்ந்துவிடுகிறது. குடும்பம் பங்குகொண்டால் நிலைக்கிறது. போர்டேஜ் முறை 1970களில் இங்கிலாந்தை அடைந்து, பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் பரவிற்று.

1975ஆம் ஆண்டு கல்வி வரலாற்றில் ஒரு மைல் கல். குறைபாடுடைய எந்தப் பிள்ளைக்கும் அரச பாடசாலையில் இலவசமான, தகுந்த கல்வி கிடைக்க வேண்டும் என்ற சட்டம் அவ்வாண்டு நவம்பர் 29ஆம் திகதி கையொப்பமாயிற்று. அதற்கு முன் பத்து இலட்சம் பிள்ளைகள் அரச பாடசாலைகளுக்கு முற்றாகப் புறம்பே நின்றனர் என்று அந்நாட்டுக் காங்கிரஸ் சபை அச்சட்டத்திலேயே பதிவு செய்தது. பெற்றோர் நீதிமன்றம் சென்று வழக்காடிப் பெற்ற வெற்றிகளே அச்சட்டத்துக்கு வழி திறந்தன. எனினும் அது பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்கே உறுதியாகக் கைகொடுத்தது. மூன்று முதல் ஐந்து வயதுடையோர் நிலை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. பிறந்தது முதல் மூன்று வயது வரையுள்ளோருக்கு அது ஒன்றும் கூறவில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் கேட்போம். ஒன்றில் வளைக்க வேண்டியதை ஐந்தில் தொடங்கலாமா என்பதே அங்கு எழுந்த கேள்வி.

நேயர்களே, இரண்டாவது கேள்வி இங்கேதான் எழுகிறது. 1980களின் தொடக்கத்தில் அந்நாட்டில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். குழந்தை எட்டாம் மாதத்தில் உரிய காலத்துக்கு முன் பிறந்தது. காது மந்தம், கால்கள் விறைப்பு. வைத்தியசாலை, உயிரைக் காத்துக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. காதுக்குச் சுகாதாரத் திணைக்களம். காலுக்கு இயன்மருத்துவர் இருக்கும் வேறொரு நிலையம். பேச்சுக்குப் பல்கலைக்கழகத்தை அண்டிய சிகிச்சையிடம். பணவுதவிக்குச் சமூக நலத் திணைக்களம். பாடசாலைக்குக் கல்வித் திணைக்களம். ஆனால் குழந்தைக்கு வயது போதாது. ஒவ்வொரு வாசலிலும் புதிய படிவம். ஒவ்வொரு வாசலிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டிய கதை. ஒருவர் கூறியதை மற்றவர் அறியார். ஒரே பரிசோதனை இருமுறை நடக்கும். நடக்க வேண்டிய மற்றொன்று நடவாமலே போகும். இச்செலவு உங்கள் திணைக்களத்தைச் சார்ந்ததா, எங்களுடையதா என்று உத்தியோகத்தர் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது குழந்தைக்கு ஒரு வயது கூடிவிடும். உதவிகள் இல்லை என்று சொல்வதற்கில்லை. அவை ஒன்றையொன்று அறியாமல் இருந்தன. அவற்றை இணைக்கும் பொறுப்பு, இணைக்கும் வல்லமை குறைந்தவரும் களைப்பு மிகுந்தவருமாகிய தாயின் தோளில் விழுந்தது.

இதற்கு விடையாக 1986ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் திகதி ஜனாதிபதி ரேகன் கையொப்பமிட்ட சட்டம் எழுந்தது. பிறப்பு முதல் மூன்று வயது நிறையும் வரையுள்ள குழந்தைகளுக்கென அது ஒரு தனிப்பகுதியை வகுத்தது. அச்சட்டத்தின் உயிர்நாடி இணைப்பு என்னும் ஒரு சொல்லே.

முதலாவதாக, ஒவ்வொரு மாநிலமும் ஒரு தலைமைத் திணைக்களத்தை நியமிக்க வேண்டும். அது சுகாதாரமாகவோ, கல்வியாகவோ, சமூக நலமாகவோ இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவதாக, எல்லாத் திணைக்களங்களும் கூடும் ஓர் இணைப்புச் சபை வேண்டும். 15 உறுப்பினர் கொண்ட அச்சபையில் குறைந்தது மூவர் இத்தகைய குழந்தைகளின் பெற்றோராக இருத்தல் வேண்டும் என்று சட்டமே விதித்தது. மூன்றாவதாக, பல துறையினரும் சேர்ந்து குழந்தையை மதிப்பிட வேண்டும். அதன்பின் குழந்தைக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் உரியதாக ஒரே திட்டத்தை எழுத்தில் வரைய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதனை மீளப் பார்க்க வேண்டும். குழந்தை அனுப்பி வைக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாளுக்குள் மதிப்பீடும் முதற் கூட்டமும் முடிய வேண்டும் என்று பின்னர் எழுந்த விதிகள் கூறின. நான்காவதாக, பணத் தகராறுக்கும் ஒரு முடிவு சொல்லப்பட்டது. வேறு வழியிலே கிடைக்கக்கூடிய பணம் அனைத்தையும் முதலில் பயன்படுத்துக. எஞ்சியதற்கே இச்சட்டத்தின் பணம். ஆனால் யார் கொடுப்பது என்று வாதாடும் காலத்தில் குழந்தையின் உதவி நின்றுபோகலாகாது.

ஐந்தாவது ஏற்பாடே எல்லாவற்றிலும் எளியது. எல்லாவற்றிலும் பெரியதும் அதுவே. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயர் குறித்து ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். வாசல்தோறும் அலைவது இனி அவருடைய வேலை, தாயினுடையது அன்று. அவரைச் சட்டம் முதலில் விவகார முகாமையாளர் என்ற பொருள்பட அழைத்தது. பெற்றோர் அப்பெயரை விரும்பவில்லை. நாங்கள் விவகாரங்கள் அல்லர், எங்களை எவரும் முகாமை செய்யவும் வேண்டியதில்லை என்ற உணர்வு அவர்களிடையே பரவியிருந்தது. 1991இல் சட்டம் திருத்தப்பட்டபோது அப்பெயர் சேவை இணைப்பாளர் என்று மாறியது. பெயர் மாற்றம் அற்பமானதென்று எண்ணலாகாது. குடும்பம் உதவியைப் பெறும் பொருளாக இல்லாமல், திட்டத்தை வகுப்போருள் ஒருவராக ஏற்றுக்கொள்ளப்பட்டதன் அடையாளம் அது.

இதே எண்ணம் கடலுக்கு அப்பால் வேறொரு வழியிலும் பிறந்திருந்தது. இங்கிலாந்தில் மேரி வார்னொக் அம்மையார் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1978இல் தனது அறிக்கையை வெளியிட்டது. குறைபாடு கண்டறியப்பட்ட இளங் குழந்தையின் பெற்றோருக்குப் பெயர் குறித்த ஒருவர் தொடர்பாளராக இருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. தொடக்கத்தில் அப்பொறுப்பை, வீடுகளுக்குச் சென்று தாய்மாரைச் சந்திக்கும் சுகாதார உத்தியோகத்தரே ஏற்பது பொருத்தம் என்றும் கூறியது. இரு நாட்டாரும் இரு வேறு பாதையில் நடந்து ஒரே முடிவுக்கு வந்தமை கவனிக்கத்தக்கது.

இணைப்பின்மையால் என்ன இழக்கப்படும் என்பதைச் செவிப்புலன் குறைபாட்டின் வரலாறு தெளிவாகக் காட்டும். முன்னாளில், அமெரிக்காவிலேயே காது கேளாமை குழந்தைக்கு இரண்டரை வயதளவிலேதான் கண்டறியப்பட்டது. குழந்தை பேசவில்லையே என்று தாய் கவலைகொண்ட பின்னரே காதைப் பற்றிய ஐயம் எழும். அதற்குள் மொழியைப் பற்றிக்கொள்ளும் சிறந்த காலத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். 1998இல் கொலராடோ மாநிலத்தில் வெளியான ஆய்வு ஒன்று 150 குழந்தைகளை ஆராய்ந்தது. ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்றோர், பிந்திக் கண்டறியப்பட்டோரைவிட மொழியாற்றலில் தெளிவாக முன்னின்றனர். இதன்பின், ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் உதவி என்னும் வாய்பாடு நிலைபெற்றது.

ஆனால் இவ்வாய்பாட்டை நிறைவேற்றுவது கருவியால் மட்டும் ஆகக்கூடியதன்று. பிறந்த குழந்தையின் காதைச் சோதிப்பது வைத்தியசாலை; உறுதி செய்வது செவிப்புலன் நிபுணர்; மொழி பழக்குவது ஆசிரியர். முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையிலே, இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையிலே, வழியில் தவறிப்போகும் குழந்தைகள் உண்டு. சோதனையில் தவறிய குழந்தையின் பெயர் ஏட்டில் இருக்கும், குழந்தை இராது. அதைத் தேடிப் போவதற்கு ஒருவர் இருக்கிறாரா என்பதிலேயே அந்தக் கருவியின் பயன் தங்கியுள்ளது.

அமெரிக்கச் சட்டம் குறையற்றதென்று நான் கூறவில்லை. அதனை முழுமையாக நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு 1990களின் நடுப்பகுதி வரை காலம் சென்றது. எவ்வளவு பின்னடைவு இருந்தால் உதவி கிடைக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஓரிடத்தில் தகுதியுடைய குழந்தை எல்லையைத் தாண்டினால் தகுதியற்றதாகிவிடும். இணைப்பாளர் ஒருவரிடம் அளவுக்கு மிஞ்சிய குடும்பங்களை ஒப்படைத்தால், அவரும் படிவம் நிரப்பும் மற்றோர் உத்தியோகத்தராகவே மாறுவார். மூன்று வயது நிறைந்ததும் குழந்தை கல்விப் பகுதியின் கைக்கு மாறும் இடத்தில் இன்னொரு பள்ளம் உண்டு. அதனைக் கடக்க, மூன்றாம் பிறந்தநாளுக்கு 90 நாளேனும் முன்னதாக இருதரப்பாரும் பெற்றோரோடு கூட வேண்டும் என்று பின்னாளில் விதிக்கப்பட்டது. இத்தனைக்கும் மேலாக, 2019இல் எடுத்த கணக்கின்படி நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஒரே வேளையில் இத்திட்டத்தின் உதவியைப் பெற்றுக்கொண்டிருந்தனர். தொட்டிலிலே கிடந்த அயோவாக் குழந்தைகளை நினைக்கும்போது இது சிறிய பயணம் அன்று.

இனி, இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது என்று சிறிது சிந்திப்போம். இந்த நாட்டில் கேளாதோருக்கும் காணாதோருக்குமான பாடசாலை 1912இல் தோன்றி இரத்மலானையில் வளர்ந்தது. கைதடி நவீல்ட் பாடசாலை 1956 முதல் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒளியூட்டி வருகிறது. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் நிறைவேறியது. இவை நாம் பெருமைப்படத்தக்கவை. எனினும் இவற்றுட் பாடசாலைகள் பிள்ளை வளர்ந்து வந்து சேரும் வாசல்கள். அதற்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளையைச் சந்திப்பவர் யார்?

அவர் நமது குடும்பநல உத்தியோகத்தர். 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலத்திலிருந்து வளர்ந்து வந்த அமைப்பின் பயனாக, கருவுற்ற தாயின் வீட்டையும் பிறந்த குழந்தையின் வீட்டையும் தேடிச் செல்லும் ஒரு பெண் நமது ஊர்களில் இருக்கிறார். வார்னொக் ஆணைக்குழு யாரைத் தேடியதோ அவரை நாம் ஏற்கெனவே பெற்றிருக்கிறோம். குழந்தை எப்போது தலை நிமிர்ந்தது, எப்போது இருந்தது, எப்போது சொல் உரைத்தது என்பவற்றைக் குறிக்கும் சுகாதாரப் பதிவேடு தாயின் பெட்டியில் இருக்கிறது.

முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாட்களில் எந்த அதிபரும் அறியும் உண்மை ஒன்றுண்டு. குறைபாடுடைய பிள்ளையின் தாய் கொண்டுவரும் பையிலே வைத்தியசாலைத் துண்டுகளும் கடிதங்களும் நிறைய இருக்கும். அவற்றுள் பாடசாலைக்கென எழுதப்பட்டது ஒன்றும் இராது. அப்பதிவேட்டில் தவறிய ஒரு படியைக் கண்ட உத்தியோகத்தர் வைத்தியருக்கு அறிவித்து, வைத்தியர் சிகிச்சையாளருக்கு அறிவித்து, சிகிச்சையாளர் பாலர் பாடசாலை ஆசிரியைக்கு அறிவித்து, ஆசிரியை எங்களுக்கு அறிவித்தால், அந்தச் சங்கிலிக்குப் புதிய கட்டடம் வேண்டாம். ஒருவருக்கொருவர் எழுதும் ஒரு கடிதமும், அக்கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் ஒருவரும் போதும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஆண்பிள்ளை பிந்தித்தான் பேசும், தகப்பனும் அப்படித்தான், நாளானால் சரிவரும் என்று உறவினர் கூறும் ஆறுதல் அன்பினால் வருவதே. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் உண்மையா என்று பார்த்துத் தெளிவதில் நட்டம் ஏதும் இல்லை. பார்க்காமல் காத்திருப்பதில் திரும்பப் பெற முடியாத மாதங்கள் கழியும். பிள்ளையின் குறையை மறைப்பதில் மானம் இல்லை. அதை உரிய காலத்தில் உரியவரிடம் சொல்வதில் அவமானமும் இல்லை.

இத்தார் ஒரு சிறுவனுக்காக ஐந்தாண்டுகள் செலவிட்டார். அயோவாவின் பெண்கள் தமக்கிருந்த அன்பைச் செலவிட்டனர். போர்டேஜ் ஆசிரியர்கள் வாரந்தோறும் வீடு தேடி நடந்தனர். சட்டம் செய்தோர், இவர்களையெல்லாம் ஒரே தாளில் எழுதி, அதன் கீழே பொறுப்பாளர் ஒருவரின் பெயரையும் எழுதச் சொன்னார்கள். அந்தத் தாளில் ஒரு பெயர் எழுதப்படாமல் இருக்கும்வரை, உதவிகள் எத்தனை இருப்பினும், அவை குழந்தையிடம் வந்து சேர்வது தாயின் கால் வலிமையைப் பொறுத்ததாகவே இருக்கும்.